பறக்கும் தட்டுக் கோப்புகள் – 9: டிரிண்டாடே தீவில் 14 விநாடிகள்

சென்ற வாரம் ரியோ டி ஜெனிரோவின் பார்ரா டா டிஜுக்கா கடற்கரையில் நிறுத்தியிருந்தோம். 1952 மே மாதம், ‘ஓ க்ருசெய்ரோ’ வார இதழின் நிருபர் ஜுவாவ் மார்டின்ஸும் புகைப்படக்காரர் எட் கெஃப்பெலும் கொண்டுவந்த பறக்கும் தட்டுப் படங்கள் பிரேசிலையே அண்ணாந்து பார்க்க வைத்தன. பிறகு சிலர் நிதானமாக உட்கார்ந்து வெளிச்சத்தைக் கவனித்தார்கள். தட்டின் மேல் வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழுந்தது. கீழே நின்ற பனையின் மேல் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது. ஒரே படத்தில் இரண்டு சூரியன்!

ஆறே ஆண்டுகளில் அதே நாட்டில் இன்னொரு கேமரா, இன்னொரு தட்டு. ஆனால் இந்த முறை படம் எடுக்கப்பட்டது பிரேசில் கடற்படைக் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில், பட்டப்பகலில், சீருடைக்காரர்கள் நடுவே. படம் பொய் என்றால் பழி புகைப்படக்காரரோடு நிற்காது.

பழைய கதையில் வந்த ஒருவரும் இந்த வாரம் திரும்பி வருகிறார். யார் என்பது போகப் போகத் தெரியும்.

கடல் நடுவே ஒரு பாறை

டிரிண்டாடே தீவை வரைபடத்தில் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். விட்டோரியா துறைமுகத்திலிருந்து கிழக்கே 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கு அட்லாண்டிக்கின் நடுவே கிடக்கும் எரிமலைப் பாறை அது. பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். உயரமான சிகரத்தின் பெயர் தெசெஜாடோ. ஏறத்தாழ 600 மீட்டர்.

மனிதர்கள் இங்கே அடிக்கடி வந்ததில்லை. வந்தவர்கள் சாதாரண ஆட்களாகவும் இருந்ததில்லை. வால்நட்சத்திரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த எட்மண்ட் ஹாலி 1700-இல் இங்கே இறங்கி, இங்கிலாந்தின் பெயரால் உரிமை கொண்டாடிவிட்டுப் போனார். 1889-இல் ஈ. எஃப். நைட் என்ற ஆங்கிலேயர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து, கடற்கொள்ளையர் புதைத்ததாகச் சொல்லப்பட்ட செல்வத்துக்காக மாதக்கணக்கில் மண்ணைத் தோண்டினார். வெறுங்கையோடு திரும்பினார்.

1957 ஜூலையில் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு தொடங்கியது. உலக நாடுகள் சேர்ந்து கடல், காற்று, பனி, காந்தப்புலம் என்று பூமியை அளக்கத் திட்டமிட்ட காலம். பிரேசில் தன் பங்குக்கு டிரிண்டாடேயில் ஒரு கடல் ஆய்வு நிலையம் அமைத்தது. வானிலை பலூன்களைப் பறக்கவிடுவதும் அங்கே அன்றாட வேலை. நிலையத்தின் பொறுப்பாளர் கடற்படை அதிகாரி கார்லோஸ் பசெலார்.

அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி ஸ்புட்னிக் பறந்தது. மனிதன் செய்த பொருள் ஒன்று தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியோடு உலகம் அந்த ஆண்டின் கடைசி மாதங்களைக் கழித்தது. வானத்தில் எது மின்னினாலும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் வந்திருந்தது.

டிரிண்டாடேயில் இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. 1957 டிசம்பரிலும் 1958 ஜனவரி முதல் நாட்களிலும் தீவின் மேல் இனம் தெரியாத ஏதோ பறந்ததாகப் பலமுறை தகவல் பதிவானது. பார்த்ததாகச் சொன்னவர்களில் அதிகாரிகளும் இருந்தார்கள், கூலியாட்களும் இருந்தார்கள். அந்தச் சிறிய தீவில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வேறென்ன இருந்திருக்கும்? நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு அங்கே தயாராக இருந்தது. இதை நாம் மறந்துவிடக் கூடாது. பின்னால் வந்த பலர் மறந்துவிட்டார்கள்.

கப்பலில் ஏறிய விருந்தாளிகள்

‘அல்மிரான்ட்டே சல்தான்யா’, ஒரு காலத்தில் நான்கு பாய்மரங்களோடு இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி தந்த கப்பல். இப்போது கடல் ஆய்வுக் கப்பலாக மாறியிருந்தது. 1958 ஜனவரியில் அது டிரிண்டாடே போனபோது கடற்படைக்காரர்களோடு சில வெளியாட்களும் ஏறியிருந்தார்கள். நித்தெரோய் நகரத்தின் இக்காராயி பகுதியைச் சேர்ந்த, கடலுக்கடியில் மூழ்கி வேட்டையாடும் குழுவினர் அவர்கள்.

குழுவின் தலைவர் அமிலார் வியெய்ரா, வங்கி ஊழியர். ஜோசே வியேகாஸ், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன். இவர்களோடு புகைப்படக்காரர் அல்மிரோ பராவுனா.

பராவுனா கைதேர்ந்தவர். நீருக்கடியில் படம் எடுப்பதில் அந்தக் காலத்து பிரேசிலில் பெயர் வாங்கியவர். இன்னொரு திறமையும் அவருக்கு உண்டு. தந்திரப் படங்கள். பறக்கும் தட்டுப் பித்து நாட்டைப் பிடித்திருந்த நாட்களில், ஒரு தட்டு தன் வீட்டுக்கே வந்ததாக ஒரு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதி, தானே உருவாக்கிய பொய்ப் படங்களை அதில் போட்டிருந்தார். யாரையும் ஏமாற்றுவது நோக்கமில்லை. சிரிக்க வைக்கச் செய்ததுதான். ஆனால் எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அச்சில் ஏறிய ஆதாரம் அது.

இதைத் தெரிந்துகொண்டே அடுத்த காட்சிக்குப் போவோம்.

மதியம் பன்னிரண்டே கால்

1958 ஜனவரி 16, வியாழக்கிழமை. கப்பல் தீவைவிட்டுக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. தீவுக்கும் கப்பலுக்கும் இடையே போய்வந்த படகை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் மேகம். அங்கங்கே வெளிச்சம்.

இனி வருவது பராவுனா பின்னால் சொன்ன விவரம்.

அவர் மேல்தளத்தில் நின்று படகு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிஃபோட்டோ லென்ஸ் மாட்டிய லைக்கா கேமராவைச் சில நிமிடங்களுக்கு முன்னால்தான் அறையில் வைத்துவிட்டு வந்திருந்தார். கைவசம் இருந்தது ஒரு ரோலிஃபிளெக்ஸ் 2.8. கடல் உப்புக்குப் பயந்து அதை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

திடீரென்று வியெய்ராவும் வியேகாஸும் வானத்தைக் காட்டிக் கத்தினார்கள். அதே நேரத்தில் கப்பலின் முன்பகுதியிலிருந்து ஒருவர் மேலே பார்த்தபடியே கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். கப்பலின் பல் மருத்துவர் ஹொமெரோ ரிபெய்ரோ. பரபரப்பில் கீழே கிடந்த கம்பி வடத்தில் இடறி விழப் பார்த்தார்.

பராவுனாவுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. ஒரு பளிச்சிடலில் அதைப் பிடித்தார். கடலிலிருந்து தீவை நோக்கி வந்துகொண்டிருந்தது. கருஞ்சாம்பல் நிறம். சுற்றிலும் பச்சை கலந்த ஆவி போல ஏதோ. சத்தமே இல்லை. வௌவாலைப் போல மேலும் கீழுமாக அலைந்து பறந்தது.

கேமராவைத் தூக்கினார். ஒன்று. இரண்டு.

தெசெஜாடோ சிகரத்துக்குப் பின்னால் அது மறைந்தது. சில விநாடிகள் காத்திருந்தார். மறுபடி வெளியே வந்தது, இப்போது எதிர்த் திசையில், முன்பைவிடத் தாழ்வாக, வேகமாக. மூன்று.

அதற்குள் தளத்தில் தள்ளுமுள்ளு. யாரோ இழுக்க, யாரோ இடிக்க, நான்காவதும் ஐந்தாவதும் வீணாகிப் போயின. கடல் பக்கம் தூரத்தில் அது சிறுத்துக்கொண்டிருந்தபோது ஆறாவது.

முடிந்தது. ஆறு முறை ஷட்டர் விழுந்ததில் நான்கு படங்களில் அந்தப் பொருள் இருந்தது. நடுவில் வளையம் சுற்றிய உருண்டை போல, பள்ளிப் பாடப் புத்தகத்தில் பார்க்கும் சனிக் கிரகத்தின் சாயலில்.

தளத்தில் அப்போது 48 பேர் இருந்து பார்த்தார்கள் என்று பிற்காலத்தில் எழுதப்பட்டது. இந்த எண் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்கு என்று தாவிக்கொண்டே போனது. ஆனால் 48 பேரின் வாக்குமூலம் என்று ஒரு கட்டு எங்கும் வெளிவரவில்லை. திரும்பத் திரும்பப் பெயரோடு வருகிறவர்கள் வியெய்ராவும் வியேகாஸும். இருவரும் பராவுனாவோடு கப்பலேறிய குழுவினர்.

இருட்டறை

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் முதல் திருப்பம்.

ஊருக்குப் போய்ப் பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று யாரும் விடவில்லை. சுருளை அன்றே, கப்பலிலேயே டெவலப் செய்ய ஏற்பாடானது. கப்பலில் ஓர் இடத்தை அவசரத்துக்கு இருட்டறையாக்கினார்கள். பராவுனா உள்ளே போனார். கூடவே வியேகாஸ்.

கப்பலில் பிரிண்ட் போடும் தாள் இல்லை. அதனால் ஈர நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது கப்பலில் இருந்த பசெலார் பார்த்தார். வேறு சிலரும் பார்த்தார்கள். 6 சென்டிமீட்டர் சதுர நெகட்டிவில் தீவின் பாறை விளிம்பும், அதற்கு மேலே ஒரு சிறிய கறையும்.

டெவலப் ஆன சூட்டோடு ஒரு கடற்படை அதிகாரி நெகட்டிவைப் பார்த்தார் என்ற இந்த ஒரு தகவல்மேல்தான் பிறகு வந்த விசாரணையின் பாதி எடை ஏறி நின்றது. கரைக்குப் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து, தீவுப் படத்தின்மேல் தட்டை ஒட்டிப் புதிதாக ஒரு நெகட்டிவ் செய்திருக்கலாமே என்று யார் கேட்டாலும், பசெலார் அன்றைக்கே பார்த்துவிட்டார் என்று பதில் சொல்லிவிடலாம்.

நல்ல பதில்தான். ஒரு கேள்விக்கு மட்டும்.

அமைச்சகத்தில்

கரை சேர்ந்த பிறகு பராவுனா படங்களைப் பெரிதாக்கினார். பசெலார் மூலம் அவை கடற்படைக்குப் போயின. விரைவிலேயே ரியோவில் உள்ள கடற்படை அமைச்சகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கு ரியோதான் பிரேசிலின் தலைநகர். பிரேசிலியா இன்னும் கட்டிக்கொண்டிருந்த ஊர்.

நெகட்டிவ்கள் நிபுணர்களிடம் அனுப்பப்பட்டன. கடற்படையின் சொந்தப் புகைப்படக்கூடம் ஒன்று. விமானத்திலிருந்து நிலப்பரப்பைப் படமெடுத்து வரைபடம் தயாரிக்கும் ‘க்ருசெய்ரோ டோ சுல்’ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு இன்னொன்று. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: நெகட்டிவ்கள் இயல்பாக இருக்கின்றன, ஒட்டுவேலைக்கான தடயம் இல்லை.

நேருக்கு நேர் விசாரணையும் நடந்தது. உளவுப் பிரிவினர் தன்னைச் சுமார் 4 மணி நேரம் விசாரித்ததாகப் பராவுனா பத்திரிகைகளிடம் சொன்னார். அதில் ஒரு கேள்வியை அவரே பிறகு நினைவுகூர்ந்தார். நெகட்டிவில் ஒரு பறக்கும் தட்டை வரவழைக்க வேண்டும் என்றால் நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். தந்திரப் படங்களில் தனக்குத் திறமை உண்டு, ஆனால் துல்லியமான சோதனையைத் தாங்கும் தந்திரம் எதுவும் கிடையாது என்று பதில் சொன்னாராம்.

சந்தேகப்பட்டவரிடமே செய்முறை விளக்கம் கேட்ட விசாரணை அதிகாரியை எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். பதிலை அப்படியே எடுத்துக்கொண்டார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்தது, இந்த வாரத் தலைப்பில் இருக்கும் 14 விநாடிகள்.

பொருள் எவ்வளவு வேகத்தில் போனது என்று தெரிய வேண்டும். வேகத்துக்குத் தூரமும் நேரமும் வேண்டும். தூரத்தைத் தீவின் பாறைகளை வைத்து ஓரளவு கணிக்கலாம். நேரம்? அன்றைக்கு யாரும் கடிகாரம் பார்த்திருக்கவில்லை. எனவே பராவுனா கையில் ரோலிஃபிளெக்ஸைக் கொடுத்து, அன்று எடுத்தது போலவே மறுபடி எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் பக்கத்தில் நின்று நேரம் எடுத்தார். ஆறு படங்களுக்கு 14 விநாடி.

அந்த 14 விநாடியை வைத்துக் கணக்குப் போட்டதில் வேகம் மணிக்கு 900 முதல் 1,000 கிலோமீட்டர் என்று வந்தது. குறுக்களவு சுமார் 40 மீட்டர், உயரம் சுமார் 8 மீட்டர் என்றும் மதிப்பிட்டார்கள்.

இந்த எண்கள் பிறகு உலகம் முழுக்க அச்சாகின. கடற்படை அளந்த எண்கள் என்ற மரியாதையோடு அச்சாகின. ஆனால் கடற்படை அளந்தது எதை? ஒரு மேசைக்கு முன்னால் நின்று பராவுனா தன் விரலை எவ்வளவு வேகமாக அசைத்தார் என்பதை. தட்டின் வேகத்தைத் தீர்மானித்தது, தட்டைப் பார்த்ததாகச் சொன்னவரின் விரல்.

குடியரசுத் தலைவரின் மேசையிலிருந்து

ஒரு மாதம் வரை எல்லாம் அமைச்சகத்துச் சுவர்களுக்குள் இருந்தது. பிறகு படங்கள் குடியரசுத் தலைவர் ஜுசெலினோ குபிச்செக்கிடம் போயின. கோடைக்கால வாசஸ்தலமான பெட்ரோபொலிஸில் இருந்த அவர் அவற்றைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க அனுமதித்தார்.

1958 பிப்ரவரி 21. ‘கொரெய்யோ ட மன்யா’ நாளிதழின் வாசகர்கள் காலையில் பிரித்துப் பார்த்தது டிரிண்டாடே தட்டை.

மறுநாளே கடற்படை அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கப்பலின் பணியாளர்களில் கணிசமானவர்கள் முன்னிலையில் படம் எடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், பார்த்த பொருள் என்ன என்று அமைச்சகம் எதுவும் சொல்ல இயலாது, படங்கள் அதற்குப் போதுமான சான்று ஆகாது என்றும் சொன்னது. முதல் பாதி தலைப்புச் செய்தியானது. இரண்டாம் பாதி உள்ளே போனது.

கடற்படை ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்று யோசித்தால், அந்தப் படம் அதற்கு இக்கட்டாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சாட்சிகள் அதன் கப்பலில் இருந்தவர்கள். பார்க்கவில்லை என்று மறுத்தால் தன் ஆட்களைக் கைவிட்டதாகும். பார்த்தோம் என்று சொன்னால் உலகமே திரும்பிப் பார்க்கும். நடுவே நின்று இரண்டையும் பாதி பாதியாகச் சொல்வது எந்த அமைச்சகத்துக்கும் கைவந்த கலை.

பராவுனாவிடம் விரிவான பேட்டி எடுக்க ‘ஓ க்ருசெய்ரோ’விலிருந்து ஒருவர் வந்தார். முன்னே சொன்னேனே, திரும்பி வருபவர் என்று. ஜுவாவ் மார்டின்ஸ். இரண்டு சூரியன் படத்தைக் கொண்டுவந்த அதே ஜுவாவ் மார்டின்ஸ். நாம் இன்று நம்பியிருக்கும் பல விவரங்கள், ஓடி வந்த பல் மருத்துவர் உட்பட, அந்தப் பேட்டி வழியாக வந்தவை.

ஒரே படங்கள், இரண்டு கோப்புகள்

பிப்ரவரி இறுதியில் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. மக்களவை உறுப்பினர் செர்ஜியோ மகல்யாயிஸ் கடற்படை அமைச்சரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கப்பல் ஆட்கள் பார்த்தது உண்மையா, உண்மை என்றால் சாட்சிகளிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலம் ஏன் வாங்கவில்லை என்ற ரீதியில் போயின கேள்விகள். சரியான இடத்தில் குத்தும் கேள்விகள்.

கடற்படைத் தலைமையகத்தின் ரகசிய அறிக்கை இந்தச் சூழலில் தயாரானது. பறக்கும் தட்டு ஆர்வலர்கள் பிற்காலத்தில் அதை வேதம் போல மேற்கோள் காட்டினார்கள். முடிவுரை சுருக்கமானது: தனிநபர்களின் தகவல்களும், சூழ்நிலையைக் கருதும்போது ஓரளவு மதிப்புள்ள புகைப்படச் சான்றும் இருப்பதால், இனம் தெரியாத வான்பொருள்கள் இருப்பதற்கான அறிகுறிகள் உண்டு என்று ஏற்கலாம்.

எத்தனை முட்டுக் கொடுத்து நிற்கும் வாக்கியம் பாருங்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு பத்தியும் உண்டு. மேற்கோள் காட்டுபவர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. கிடைத்ததிலேயே மிக முக்கியமான, மதிப்புள்ள சான்று புகைப்படம்தான். ஆனால் முன்கூட்டியே ஒட்டுவேலை நடக்கவில்லை என்று உறுதியாக நிரூபிக்க வழியில்லாததால், அந்தச் சான்றும் நம்ப வைக்கும் தன்மையை ஓரளவு இழக்கிறது என்று கடற்படையே எழுதி வைத்திருக்கிறது.

முன்கூட்டியே. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே நாட்களில் ரியோவில் இன்னொரு கோப்பும் தயாரானது. அமெரிக்கத் தூதரகத்தின் கடற்படை அதிகாரி சண்டர்லேண்ட், மார்ச் மாதம் வாஷிங்டனுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அவர் பார்த்ததும் அதே படங்களைத்தான். அவருக்குப் பட்டதோ வேறு. பாறைகள் கூர்மையாக விழுந்திருக்க, தட்டு மட்டும் ஏன் மங்கலாக, நிழலே இல்லாமல் இருக்கிறது? ஒரு படத்தில் அது மற்றவற்றோடு ஒப்பிட்டால் தலைகீழாக இருப்பது போலத் தெரிகிறதே? அவ்வளவு வேகத்தில் போன பொருளுக்குப் பக்கவாட்டு இழுபடலே இல்லையே?

கடைசிக் கேள்வியை மட்டும் நாமும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பராவுனா சொன்னபடி ஷட்டர் வேகம் விநாடியில் 125-இல் ஒரு பங்கு. மணிக்கு 1,000 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 278 மீட்டர். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அந்தப் பொருள் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கும். 40 மீட்டர் அகலத்தில் 2 மீட்டர் இழுபடல், மங்கலான ஒரு சிறு கறையில் கண்ணுக்குப் படுமா? சந்தேகம்தான். சண்டர்லேண்டின் இந்தக் குற்றச்சாட்டில் அவ்வளவு பலமில்லை என்பது என் கணிப்பு. மற்ற இரண்டும் பலமானவை.

நகைச்சுவைக் கட்டுரையையும் தந்திரப் படங்களையும் அவர் தேடிப் பிடித்திருந்தார். முடிவுரையில் ராஜதந்திரப் பூச்செல்லாம் இல்லை. விளம்பரத்துக்காக ஒரு புகைப்படக்காரர் செய்த புரட்டு இது, பிரேசில் கடற்படை அதில் விழுந்துவிட்டது என்று எழுதிவிட்டார். பறக்கும் தட்டுத் தகவல்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் இந்த வழக்கைப் புரட்டு என்றே பதிவு செய்தது.

நட்பு நாட்டுக் கடற்படை விழுந்துவிட்டது என்று இன்னொரு நட்பு நாட்டு அதிகாரி ரகசியமாக எழுதுகிறார். நல்லவேளை, அன்று அது ரியோ பத்திரிகைகளுக்குக் கிடைக்கவில்லை.

சுருளுக்குள்

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். முன்கூட்டியே.

ஹார்வர்டு வானியலாளர் டொனால்ட் மென்சல் இந்தப் படங்களை முதலில் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். ஈரப்பதமான காற்றில் ஆவி சூழ்ந்து பறந்த ஒரு விமானமாக இருக்கலாம் என்று நினைத்தார். லைல் பாய்டோடு சேர்ந்து எழுதி 1963-இல் வெளியிட்ட நூலில் அதைக் கைவிட்டு, டபுள் எக்ஸ்போஷர் என்ற முடிவுக்கு வந்தார்.

செய்முறை எளிது. வீட்டில் கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு சிறிய மாதிரியை வைத்து, வெளிச்சம் போட்டு, சுருள் முழுக்க எடுத்துவிட வேண்டும். இருட்டில் சுருளை வெளியே எடுத்து, மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றி, கேமராவில் மாட்ட வேண்டும். ரோலிஃபிளெக்ஸில் சுருளின் தொடக்கத்தைக் கேமராவே உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். எனவே இரண்டாவது சுற்றிலும் சட்டங்கள் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழும். பிறகு கப்பலேறி, தீவைப் படமெடுத்து, எல்லார் கண்முன்னேயும் டெவலப் செய்யலாம். நெகட்டிவில் ஒட்டோ வெட்டோ இருக்காது. எந்த ஆய்வுக்கூடமும் இயல்பான நெகட்டிவ் என்றே சொல்லும். பசெலார் பார்த்ததும் உண்மை, நிபுணர்கள் சொன்னதும் உண்மை, படம் மட்டும் பொய்.

கச்சிதமாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு சிக்கல்.

இரண்டு முறை வெளிச்சம் பட்டால் நெகட்டிவில் வெளிச்சம் கூடும், குறையாது. கறுப்புப் பின்னணியில் எடுத்த தட்டை வெளுத்த வானத்தின் மேல் ஏற்றினால், அது வானத்தைவிட வெளிச்சமாகத்தான் விழ வேண்டும். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதலாம், வெள்ளையடித்த சுவரில் எழுதினால் தெரியுமா? டிரிண்டாடே தட்டோ வானத்தைவிடக் கருமையாக இருக்கிறது. பராவுனா தன் வாயாலேயே கருஞ்சாம்பல் என்றுதான் சொன்னார்.

அப்படியானால் மென்சலின் செய்முறை அப்படியே பொருந்தாது. தட்டு மெய் என்று இதற்கு அர்த்தமில்லை; தந்திரம் வேறு வகையாக இருந்திருக்கலாம் என்று மட்டுமே அர்த்தம்.

பராவுனா 2000-இல் இறந்தார். பத்தாண்டு கழித்து, 2010 ஆகஸ்டில், குளோபோ தொலைக்காட்சியின் ‘ஃபன்டாஸ்டிகோ’ நிகழ்ச்சியில் அவருடைய குடும்ப நண்பர் ஒருவர் பேசினார். சமையலறைக் கரண்டிகள் இரண்டைச் சேர்த்துத் தட்டாக்கி, குளிர்சாதனப் பெட்டியைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்ததாகப் பராவுனாவே தன்னிடம் சொன்னார் என்றார். குளிர்சாதனப் பெட்டியின் கதவு வெள்ளை என்றால், அதன் முன்னால் கரண்டி கருமையாக விழும். அதுவரை சரி. ஆனால் அந்த வெள்ளை, சுருளையே வெளுக்க வைத்துவிடுமே, அதன் மேல் தீவு எப்படி இவ்வளவு கூர்மையாக வந்தது? அளந்து குறைத்து வெளிச்சம் கொடுத்தாரா? சுருளை அவர் கொஞ்சம் அதிகமாக எக்ஸ்போஸ் செய்துவிட்டதாக 1958-இலேயே தானாக முன்வந்து சொன்னாரே, அதற்குக் காரணம் அவசரத்தில் தவறாக வைத்த அளவுதானா?

அடுத்த வாரம் கரண்டிகளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு கேள்வி. கடற்படைக்குக் கிடைத்த சாட்சிகள் எல்லாரும் பன்னிரண்டே காலுக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள். அந்த ரோலிஃபிளெக்ஸின் பின்கதவைத் திறந்து பராவுனா சுருளை மாட்டியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? மாட்டியது கப்பலிலா, நித்தெரோயில் அவர் வீட்டிலா?

(தொடரும்)